பருவந்தோறும் மான்களின் இருப்பிடம்: மலையடிவாரப் பயிர்க் காவலுக்கு ஒரு விளக்கம்

முட்டத்துக் கடற்கரைப் பாறைகளினின்றும் வடதிசை நோக்கிச் செல்வோர், தென்னந்தோப்புகளையும் நெல்வயல்களையும் கடந்து, ஒரு நாள் நடைக்குள்ளாகவே வேளிமலையின் அடிவாரத்தை அடைந்துவிடலாம். அம்மலையில் உற்பத்தியாகும் வள்ளியாறு, கீழே இறங்கிப் பல ஏலாக்களை ஒட்டி ஓடி, முட்டத்தை அடுத்த கடியப்பட்டணத்தருகே கடலோடு கலக்கின்றது. கன்னியாகுமரி ஜில்லாவில் மலையும் வயலும் கடலும் இவ்வளவு நெருங்கியிருப்பதால், காட்டில் நிகழும் மாறுதல் காட்டோடு நின்றுவிடுவதில்லை. குடியானவருடைய தோட்டத்திலும் அது விரைவில் தெரியவருகின்றது.

கடலோரக் கிராமங்களில் மான்களால் தொல்லை கிடையாது. ஆனால் மலையோரத்தில் நிலம் வைத்திருப்போர், மிளா முதலிய மான்கள் இரவிற் புகுந்து வாழைக் குருத்தையும், மரச்சீனித் தளிரையும், நெற்பயிரையும் மேய்ந்துவிடுவதாக முறையிடுவதுண்டு. ஆறு மாத உழைப்பு ஓரிரவில் அழிவதைக் காணும் குடியானவருக்கு உண்டாகும் மனவருத்தம் சிறியதன்று. அவ்வருத்தத்தினால் சிலர் மின்கம்பி இழுப்பதும், கண்ணி வைப்பதும், அவற்றால் மனித உயிருக்கே கேடு விளைவதும் நாம் அறிந்தனவே.

வருஷமுழுவதும் இரவுதோறும் காவல் காப்பது எவராலும் இயலாது. மானும் வருஷமுழுவதும் ஒரே விதமாக வயலுக்கு வருவதில்லை. காட்டில் எந்த மாதத்தில் எந்த ஆகாரம் குறைகின்றது, எங்கே நீர் எஞ்சி நிற்கின்றது, எவ்விடத்தில் நிழலும் மறைவும் கிடைக்கின்றன என்பவற்றை ஒட்டியே அதன் நடமாட்டம் அமைகின்றது. அதனை அறிந்தவர், காவல் வேண்டிய சில வாரங்களிலும், காவல் வேண்டிய ஓரிரு எல்லைகளிலும் மட்டும் தமது சக்தியைச் செலவிட்டுப் பயிரைக் காத்துக்கொள்ளலாம். அதற்கு உதவும் செய்திகளை ஈண்டுத் தொகுத்துக் கூறுவோம்.

1. நமது மலைகளிலுள்ள மான் வகைகள்

கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் ஏறக்குறைய 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அதற்கு வடக்கே திருநெல்வேலி ஜில்லாவில் களக்காடு - முண்டந்துறைப் புலிகள் காப்பகம் தொடர்கின்றது. முண்டந்துறை 1962-ஆம் வருஷத்திலும், களக்காடு 1976-ஆம் வருஷத்திலும் சரணாலயங்களாக்கப்பட்டு, இரண்டும் 1988-இல் ஒரே புலிகள் காப்பகமாக இணைக்கப்பட்டன. இக்காடுகளிற் காணப்படும் மான்களுள் குடியானவர் அறியவேண்டியவை நான்கு.

மிளா: பிற ஜில்லாக்களில் கடமான் என்று வழங்குவது இதுவே. நம் நாட்டு மான்களில் மிகப் பெரியது. வளர்ந்த ஆண் 200 கிலோவுக்கு மேலும் நிறையுள்ளதாகும். கரும்பழுப்பு நிறமும், பிடரியில் முரட்டு மயிரும் உடையது. தனித்தோ, இரண்டு மூன்று சேர்ந்தோ திரியும். பகலில் அடர்ந்த மறைவிற் படுத்திருந்து, அந்தியிலும் இரவிலும் மேயும். செங்குத்தான சரிவுகளிலும் எளிதில் ஏறும்.

புள்ளிமான்: திறந்த காடும் புல்வெளியும் கலந்த இடங்களை விரும்புவது. கூட்டமாக வாழும். காலையிலும் மாலையிலும் வெளிப்படையாக மேயும். இடைவிடாது மழை பெய்து இருண்டு கிடக்கும் சோலைக்காடுகளில் இதனைக் காண்பது அரிது. முண்டந்துறை மேட்டுநிலம் போன்ற இடங்களே இதற்கு உகந்தவை.

கேளையாடு: ஆடு என்று பெயர் பெற்றிருப்பினும் மானினமே. 20 முதல் 28 கிலோ வரை நிறையுள்ளது. நாய் குரைப்பது போன்ற ஒலி எழுப்பும். ஈரமான காடுகளில் தனித்து வாழ்ந்து, உதிர்ந்த பழங்களையும் தளிர்களையும் உண்ணும்.

சருகுமான்: முயலைவிடச் சிறிது பெரிதாகத் தோன்றுவது, கொம்பற்றது. உடற்கூற்று நூலார் இதனை மெய்யான மானினத்தில் சேர்ப்பதில்லை. இதனாற் பயிருக்குச் சொல்லத்தக்க சேதம் இல்லை.

ஆகவே, பயிர்க் காவலைப் பொறுத்தவரை நம் ஜில்லாவின் மேற்கு மலையோரத்தில் மிளாவும், கிழக்குச் சரிவின் வறண்ட காட்டோரங்களில் மிளாவுடன் புள்ளிமானும் முக்கியமாகக் கவனிக்கத்தக்கவை.

2. மானின் ஆகார முறை

மானும் மாட்டைப்போல் நான்கு அறைகளுள்ள இரைப்பையுடையது, அசைபோடுவது. எனினும் மாடு முரட்டு வைக்கோலையும் தின்று காலம் தள்ளும். மானோ, சத்து மிகுந்த இளந்தளிர், மொட்டு, பூ, பழம், நெற்று ஆகியவற்றைத் தேர்ந்து கடிப்பது. புள்ளிமான் இளம்புல் கிடைக்கும்பொழுது பெரும்பாலும் புல்லையே மேயும். புல் முற்றியபின் தழைக்கும் பழத்துக்கும் மாறும். மிளா புல்லும் தழையும் கலந்து உண்ணும். உயரத்திலுள்ள தழையைப் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றும் கடிக்கும். குடியானவர் வீட்டு மிருகங்களை உவமையாகக் கொண்டு சொன்னால், இளம்புற்காலத்துப் புள்ளிமான் மாட்டை ஒத்தது. கோடைக்காலத்துப் புள்ளிமானும் மிளாவும் வெள்ளாட்டை ஒத்தவை.

மாட்டின் கொம்பு ஆயுள் முழுவதும் நிலைத்திருப்பது. மானின் கொம்போ எலும்பினாலாகியது. உதிர்ந்து, மீண்டும் மெல்லிய தோல் போர்த்து முளைப்பது. ஆணுக்கு மட்டுமே கொம்புண்டு. சில மாதங்களுக்குள் அவ்வளவு எலும்பை வளர்ப்பதற்குச் சுண்ணாம்புச் சத்தும் பிற உப்புக்களும் மிகுதியாக வேண்டும். இதனால் மான்கள் உவர்மண் உள்ள இடங்களைத் தேடிச் சென்று நக்கும். உதிர்ந்த கொம்புகளையும் எலும்புகளையும்கூடக் கடிக்கும். வருஷந்தோறும் ஒரே தடத்தில் மிளாக்கள் செல்வதைக் கண்டால், அத்தடத்தின் முடிவில் நீர்நிலையோ உவர்மண்ணோ உள்ளதா என்று விசாரித்தறிதல் நன்று.

மான் காட்டுக்குச் செய்யும் உபகாரமும் ஒன்றுண்டு. நெல்லி, தான்றி, குமிழ் முதலியவற்றின் பழங்களை விழுங்கி, வேறிடத்திற் படுத்து அசைபோடும்பொழுது கடினமான கொட்டைகளை உமிழ்ந்துவிடுகின்றது. இவ்வாறு தாய்மரத்துக்கு அப்பால் விதை பரவுகின்றது. ஆட்டுக்கிடை போட்ட நிலத்தில் வேலங்கன்றுகள் தாமே முளைப்பதைப் பார்த்தவர்க்கு இது வியப்பாகத் தோன்றாது.

3. வருஷத்தின் நான்கு பருவங்கள்

(அ) கோடை: மாசி முதல் சித்திரை வரை. இக்காலத்தில் புல் காய்ந்து சத்திழக்கின்றது, சிற்றோடைகள் வற்றுகின்றன. புள்ளிமான் அன்றாடம் நீர் அருந்தவேண்டியதாதலின், எஞ்சிய நீர்நிலைகளைச் சுற்றி வாழும். உதிர்ந்த இலை, பூ, கொன்றை நெற்று, ஆலம்பழம், அத்திப்பழம் ஆகியவை அதற்கு ஆகாரமாகும். மரத்தின்மீது குரங்குகள் கடித்தெறியும் தழைக்கும் பழத்துக்கும் கீழே புள்ளிமான்கள் காத்து நிற்பது இக்காலத்தில் அடிக்கடி காணத்தக்கது. மிளா மேற்சரிவுகளைவிட்டு, வற்றாத ஓடைகளின் இருமருங்குமுள்ள பசுமையான மரச்செறிவுகளுக்கு இறங்கிப் பகலைக் கழிக்கும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி போன்ற அணைகளில் நீர்மட்டம் குறையும்பொழுது, கரையோரச் சேற்றில் முளைக்கும் இளம்புல் அவற்றுக்கு நல்ல மேய்ச்சலாகும்.

காடு இவ்வாறு காய்ந்திருக்கும் அதே சமயத்தில், கால்வாய்ப் பாசனமுள்ள வாழைத்தோட்டமும் மரச்சீனி விளையும் பசுமையாய் நிற்கின்றன. ஆகவே மலையோரத் தோட்டங்களுக்கு முதலாவது அபாய காலம் இதுவே. சித்திரையில் கோடைமழை இரண்டொரு தடவை பெய்து காட்டில் புதுப்புல் துளிர்த்ததும், இவ்வரவு குறையத் தொடங்கும். மழை தவறிய வருஷத்தில் அது நீடிக்கும்.

(ஆ) இடவப்பாதி மழைக்காலம்: வைகாசிக் கடைசி முதல் ஆவணி வரை. மேற்குச் சரிவில் எங்கும் நீரும் தழையும் நிறைந்துவிடுவதால், மான்கள் ஓரிடத்திற் கூடியிராமல் பரவிவிடுகின்றன. புல் முதலில் இளையதாயிருக்கும். பின்னர் ஆளுயரம் வளர்ந்து முரடாகிவிடும். உயர்ந்த புல்லில் புலியும் சிறுத்தையும் பதுங்குதற்கு இடமுண்டாதலால், புள்ளிமான் அதனைத் தவிர்த்துக் குட்டையான புல்லுள்ள வெளிகளையே நாடும். மிளாவோ மறைவையே விரும்புவதாதலின், சரிவுகளில் ஏறிச் சிதறி வாழும். மிளாவின் குட்டிகள் பெரும்பாலும் இம்மழையை ஒட்டிய மாதங்களிற் பிறக்கின்றன. ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே வழக்கம்.

(இ) துலா மழைக்காலம்: புரட்டாசிக் கடைசி முதல் கார்த்திகை வரை. வடகிழக்குப் பருவக்காற்றினால் கிழக்குச் சரிவும் இப்பொழுது பசுமையடைகின்றது. மலையின் இருபுறமும் ஆகாரம் நிறைந்திருக்கும் காலம் இதுவே. கும்பப்பூ நாற்று நட்டு வேர் பிடித்துத் தழையும்பொழுது காட்டை ஒட்டிய வயல்களில் மிளா இறங்குவதுண்டு. ஆனால் காட்டிலேயே உணவு மலிந்திருப்பதால், சிறு தடையும் அதனைத் திருப்பிவிடப் போதும். கார்த்திகை, மார்கழியை ஒட்டி மிளாவின் சேர்க்கைக் காலம் தொடங்குகின்றது. ஆண் மிளாக்கள் சேற்றுக் குட்டைகளிற் புரண்டு, மரங்களிற் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரிக்கும். காட்டோரத்து இளமரங்களிலும் ரப்பர்க் கன்றுகளிலும் இக்காலத்தில் உண்டாகும் காயங்களுக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

(ஈ) பனிக்காலம்: மார்கழி, தை. புல் பூத்து விதைத்து முற்றுகின்றது. நெல்லியும் தான்றியும் பழுத்து உதிர்கின்றன. மான்கள் அம்மரங்களின் அடியை நாடிச் செல்கின்றன. காட்டுப்பழம் நன்கு விளைந்த வருஷத்தில் வயலுக்கு வரும் மான் குறையும். விளைச்சல் பொய்த்த வருஷத்தில் கும்பப்பூக் கதிர் பால் பிடிக்கும் நேரத்திலேயே காவல் தொடங்கவேண்டும். ஆதலால், காட்டு நெல்லி காய்த்திருக்கின்றதா என்பதை மலையேறிச் செல்லும் காணிக்காரர் முதலியோரிடம் கேட்டறிவது வேடிக்கைப் பேச்சாகாது. வரப்போகும் நிலைமைக்கு அது ஓர் அறிகுறியாகும்.

4. ஒரே மலைக்கு இரு பஞ்சாங்கங்கள்

மேலே கூறிய கணக்கு மலையின் இருபுறத்துக்கும் ஒன்றுபோற் பொருந்தாது. மேற்குப்புறமுள்ள குலசேகரம், பேச்சிப்பாறைப் பகுதிகள் இரண்டு பருவமழையையும் பெறுகின்றன. கிழக்குப்புறமுள்ள பணகுடி, களக்காட்டுப் பகுதிகளுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே பிரதானமானது. ஆனி, ஆடி மாதங்களில் பேச்சிப்பாறையில் மழை கொட்டும்பொழுது, ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியாகக் காற்றுமட்டும் பலமாக வீசிக் கிழக்குத் தாழ்நிலத்தை மேலும் உலர்த்துகின்றது. இக்காற்றை நம்பியே அங்கே இன்று காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன.

இதனால் விளையும் முடிவு யாதெனில், மேற்கு அடிவாரத்தில் மாசி, பங்குனியில் வரும் நெருக்கடி, கிழக்கு அடிவாரத்தில் கோடைமழைக்குப் பின் சிறிது தணிந்து, ஆனி முதல் புரட்டாசி வரை மறுபடியும் தலைகாட்டக்கூடும். களக்காடு, திருக்குறுங்குடிப் பக்கத்து வாழைப் பயிர்க்காரரும், ஆரல்வாய்மொழிக்கு அப்பால் நிலமுடையோரும் மேற்குப்புறத்துக் கணக்கைக் கொண்டு காவலை நிறுத்திவிடலாகாது.

சேர்வலாற்றுக்கும் தாமிரவருணிக்கும் இடைப்பட்ட முண்டந்துறை மேட்டுநிலத்தில் இப்பொருள் பற்றி நல்ல ஆராய்ச்சி நடைபெற்றுள்ளது. நாங்குநேரியைச் சேர்ந்த வனவிலங்கு அறிஞர் ஏ. ஜே. டி. ஜான்சிங், கே. சங்கர் என்பவருடன் சேர்ந்து, அம்மேட்டுநிலத்துப் புள்ளிமான், மிளா, நாட்டுமாடு ஆகிய மூன்றும் உண்ணும் செடிகளை ஆராய்ந்து 1991-இல் வெளியிட்டார். மானையும் மாட்டையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தது மிகப் பொருத்தமானது. ஒரே புல்வெளியில் இரண்டும் மேயும்பொழுது, மாட்டின் பங்கு கூடினால் மானின் பங்கு குறையுமென்பது குடியானவர் அறிந்த கணக்கே. அவ்வாறு குறைந்த பங்கைத் தேடி மான் வெளியே வருமாயின், காட்டிற்குள் மாடுகளை விட்ட கிராமமே அதன் பயனை அனுபவிக்கின்றது.

5. பிற தேசங்களிலுள்ள மான்கள்

பனிபெய்யும் தேசங்களில் மான்களின் பருவ மாற்றம் இன்னும் வெளிப்படையானது. ஸ்காட்லாந்தில் செம்மான்கள் கோடையில் உயர்ந்த மலைகளில் மேய்ந்து, குளிர்காலத்தில் பள்ளத்தாக்குகளுக்கு இறங்கிவிடுகின்றன. அமெரிக்காவின் வயோமிங் மாகாணத்தில் ஒருவகை மான்கள், குளிர்காலத்தைக் கழித்த வறண்ட தாழ்நிலத்திலிருந்து கோடைகால மலைகளுக்கு ஏறக்குறைய 150 மைல் தூரம் நடந்து செல்கின்றன. பனி உருகி அடிவாரத்திலிருந்து மேல்நோக்கிப் புல் துளிர்த்துச் செல்லச் செல்ல, அத்துளிரைப் பின்தொடர்ந்தே அவை ஏறுகின்றன.

நமது மான்கள் இவ்வளவு தூரம் செல்வதில்லை. அவை பெரும்பாலும் சில கிலோமீட்டர் வட்டத்துக்குள்ளேயே, சரிவிலிருந்து ஓடைக்கும், சோலையிலிருந்து புல்வெளிக்கும் மாறி மாறிப் பிழைக்கின்றன. இதில் குடியானவர்க்கு ஓர் அனுகூலமுண்டு: இவ்வருஷம் வந்த தடமே அடுத்த வருஷத்துக்கும் வழிகாட்டும். பிரதிகூலமும் ஒன்றுண்டு: அச்சிறு வட்டத்துக்குள் ஓர் ஓடை வற்றினாலும், ஒரு புல்வெளி உண்ணிச்செடியால் மூடப்பட்டாலும், மானுக்குப் போக்கிடம் வயல் ஒன்றே. உண்ணிச்செடியின் தழையை மான் ஆகாரமாகக் கொள்வதில்லை; அதன் கீழே புல்லும் செழிப்பதில்லை; ஆனால் மிளா பகலிற் பதுங்குவதற்கு அது வசதியாயிருக்கின்றது.

6. சேதம் செய்தது மான்தானா என்று அறிதல்

காவலுக்கு முன்னர், வந்த மிருகம் யாதென்று நிச்சயிக்கவேண்டும். பன்றியின் குற்றத்தை மிளாவின்மீது ஏற்றினால், எடுக்கும் முயற்சி யாவும் வீணாகும்.

மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. ஆகவே அது கடித்த தண்டு நைந்து, கிழிந்த ஓரத்துடன் காணப்படும். முயல் கடித்த தண்டு கத்தியால் சாய்வாக அரிந்ததுபோற் சுத்தமாயிருக்கும். மரச்சீனிக் கிழங்கு தோண்டப்பட்டிருந்தால் பன்றியையோ முள்ளம்பன்றியையோ சந்தேகிக்கவேண்டும். தளிரும் இலையும் மட்டும் போயிருந்தால் மானாகலாம். பன்றியின் குளம்புச் சுவட்டிற்குப் பின்னால் இரு சிறு குளம்புகளும் பெரும்பாலும் பதியும். மானின் சுவடு நீண்டு முன்புறம் கூர்மையாயிருக்கும். மிளாவின் சுவடு பெரியது. மானின் சாணம் ஆட்டுப் புழுக்கை போன்றது. மிளாவின் புழுக்கை அளவிற் பெரியது. கடிபட்ட உயரமும் கவனிக்கத்தக்கது. ஆளுயரத்திலுள்ள குருத்து மேயப்பட்டிருப்பின் அது பன்றியின் வேலையாகாது.

7. காக்கும் முறைகள்

முதலாவது, மறைவை நீக்குதல். வயலின் காட்டோர எல்லையில், தமக்குச் சொந்தமான நிலத்திலுள்ள உண்ணிச்செடிப் புதர்களை மாசிக்கு முன்னரே வேரோடு களைந்துவிடவேண்டும். மறைவில்லாத வெளியைக் கடந்துவர மிளா தயங்கும்.

இரண்டாவது, எல்லைப் பயிர். காட்டை ஒட்டிய சில வரிசைகளில் மான் பொதுவாக விரும்பாத மஞ்சள், இஞ்சி முதலியவற்றைப் பயிரிட்டு, வாழையையும் மரச்சீனியையும் உட்புறத்தில் வைத்தல் நலம்.

மூன்றாவது, வேலி. மான் நன்கு தாண்டவல்லது; எட்டு அடிக்குக் குறைந்த வேலி அதனைத் தடுக்குமென்று நம்பலாகாது. ஆயினும் வேலிக்கு அப்பால் என்ன இருக்கின்றதென்று கண்ணுக்குப் புலப்படாவிட்டால் அது தாண்டத் தயங்குகின்றது. பழைய சேலைகளை வரிசையாகக் கட்டி நிலத்தை மறைக்கும் வழக்கம் நம் நாட்டில் பல இடங்களில் உண்டு. செலவு குறைந்த இம்முறை, அபாயமுள்ள சில வாரங்களுக்குப் போதுமானது. நிலையான வேலிக்குக் கிளுவை, கள்ளி முதலியவற்றை நெருக்கி நடலாம்.

நான்காவது, காவல். பரண் கட்டி, அந்தியிலும் விடியற்கு முன்பும் விளக்கும் ஓசையும் காட்டுதல் பயனுள்ளது. ஆனால் ஒரே விளக்கும் ஒரே ஓசையும் ஒரே இடத்தில் நாள்தோறும் இருந்தால் மான் சில தினங்களிற் பழகிவிடும். மூன்று நாளைக்கொருமுறை இடத்தையும் முறையையும் மாற்றவேண்டும். அடுத்தடுத்த நிலக்காரர் முறைவைத்துக் கூட்டாகக் காத்தால் ஒவ்வொருவருக்கும் செலவு குறையும்.

8. செய்யத் தகாதவை

மின்சாரத்தை நேரே கம்பியிற் பாய்ச்சுதல் சட்டவிரோதம். இருட்டில் அக்கம்பியை மிதிப்பது மானாகவுமிருக்கலாம். தண்ணீர் திருப்ப வந்த அடுத்த வயற்காரராகவுமிருக்கலாம். கண்ணியும் அவ்வாறே, வைத்தவருடைய மாட்டின் காலையே அது பிடிக்கக்கூடும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைக் கொல்வதும், பிடிப்பதும், அதன் இறைச்சியையோ கொம்பையோ வைத்திருப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாம்.

கழித்த மீன்வலைகளை வேலியாகக் கட்டுவோர் உண்டு. முட்டம் போன்ற மீன்பிடி ஊர்களை உடைய நம் ஜில்லாவில் இவை எளிதிற் கிடைப்பன. ஆனால் தளர்வாகத் தொங்கும் வலையில் ஆண்மானின் கொம்பு சிக்கினால், அது துள்ளித் துள்ளி மேலும் சுற்றிக்கொண்டு உயிர்விடும். பாம்பும் பறவையும் சிக்கும். வலை கட்டியே ஆகவேண்டுமெனில் தொய்வின்றி இழுத்துக் கட்டி, காலைதோறும் சுற்றிப் பார்த்து, அறுவடை முடிந்தவுடன் அகற்றிவிடவேண்டும்.

புதுப்புல் வேண்டிக் காட்டோரத்திற்குத் தீயிடுதல் பெருங்கேடு. எரிந்த நிலத்தில் சில வாரங்கட்கு இளம்புல் தோன்றி மான்கள் கூடுவது உண்மையே. ஆயினும் அத்தீயில் மரக்கன்றுகளும், பதுங்கியிருக்கும் குட்டிகளும், மண்ணை மூடியிருந்த சருகும் அழிகின்றன. சருகற்ற சரிவில் பெய்யும் மழை மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். ஓடைகள் முன்னதாகவே வற்றும். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணைக்கும், 1952-இல் முடிந்த பெருஞ்சாணி அணைக்கும் அம்மலைக் காடுகளின் நீரே ஆதாரம். அந்நீரை நம்பியுள்ள கன்னிப்பூ, கும்பப்பூ வயல்களுக்குக் காட்டுத்தீ தூரத்து விஷயமன்று.

புதரில் மான்குட்டி தனியே கிடப்பதைக் கண்டு, தாயற்றதென்று எண்ணி எடுத்து வருவதும் தவறு. குட்டியைப் புதரில் ஒளித்துவைத்து, தாய் அப்பால் மேய்ந்து, வேளைக்கு வந்து பாலூட்டுவது மானினத்தின் இயல்பு. தொடாது விட்டு விலகினால் தாய் வந்து சேரும்.

9. கால்நடையும் மானும்

மாட்டை அழித்துவந்த வெக்கை நோய், காட்டெருது, மான் முதலியவற்றையும் தாக்கியது. அந்நோய் உலகினின்றும் ஒழிந்ததாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் கோமாரி இன்னும் ஒழியவில்லை. அது மாட்டிலிருந்து மானுக்கும் தொற்றக்கூடியது. மலையோரக் கிராமங்களில் எல்லா மாடுகளுக்கும் உரிய காலத்தில் தடுப்பூசி போடுதல் இருபுறமும் நன்மை தரும்.

செந்நாய், சிறுத்தை, புலி ஆகியவற்றுக்கு மானே பிரதான இரைகளுள் ஒன்று. காட்டில் மான் அருகிப்போனால், சிறுத்தை ஆட்டுப்பட்டியை நோக்கித் திரும்பும் அபாயம் கூடுமென்பதை, மானை ஒழித்துவிட்டால் நலமென்று கருதுவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

10. கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அலுவலர்கள், மலையோரக் கிராமங்களில் ஒரு குறிப்பேடு வைத்து, மான் வந்த தேதி, சர்வே எண், பயிரின் பருவம், சுவட்டின் வகை, வந்த தடம், அவ்வாரத்து மழை ஆகியவற்றைப் பதிந்துவருவார்களாயின், மூன்று வருஷங்களுக்குள் அக்கிராமத்துக்கே உரிய மான் பஞ்சாங்கம் ஒன்று உருவாகிவிடும். நிவாரண மனுக்களை வனச்சரக அலுவலருக்கு அனுப்பும்பொழுதும் அது சாட்சியமாகும். சேதமடைந்த பயிரைக் களைவதற்கு முன் படம் எடுத்துவைக்கும்படி குடியானவருக்கு அறிவுறுத்தவேண்டும்.

மான் ஊருக்குள் தவறி வந்துவிட்டால், முதலிற் கட்டவேண்டியது நாய்களை, விலக்கவேண்டியது கூட்டத்தை. துரத்தப்பட்ட மான் காயமின்றியே களைப்பினாலும் அச்சத்தினாலும் இறந்துவிடக்கூடும். காட்டுப்பக்கத்து வழியைத் திறந்துவைத்து, வனத்துறையினருக்குச் செய்தி அனுப்பி, அமைதியாயிருத்தலே முறை.

11. மாதவாரிக் குறிப்பு (மேற்கு அடிவாரத்துக்கு)

தை: காட்டு நெல்லி, தான்றி விளைச்சலை விசாரித்தல், எல்லைப் புதர்களைக் களைதல், கும்பப்பூக் கதிரைக் காத்தல்.

மாசி, பங்குனி: கடுங்காவல், சேலை வேலி, காட்டுத்தீ எச்சரிக்கை, காட்டோர நிலத்தில் புதிய தண்ணீர்க் குட்டை வெட்டாதிருத்தல்.

சித்திரை: கோடைமழையைக் கவனித்துக் காவலைத் தளர்த்துதல் அல்லது நீட்டித்தல்.

வைகாசி முதல் ஆவணி வரை: காவல் குறைவு; உயிர்வேலி நடுதல்; குட்டிகளைத் தொடாதிருத்தல்.

புரட்டாசி, ஐப்பசி: கும்பப்பூ இளம்பயிருக்கு இலேசான காவல்.

கார்த்திகை, மார்கழி: ரப்பர், பழமரக் கன்றுகளின் தண்டுகளுக்கு முட்கூடு அமைத்தல், குறிப்பேட்டைப் பார்த்து வருங்கோடைக்குக் கூட்டுக் காவலை முறைப்படுத்தல்.

கிழக்கு அடிவாரத்தார் மாசி, பங்குனிக் காவலுடன் ஆனி முதல் புரட்டாசி வரை மற்றொரு காவற்காலத்தையும் சேர்த்துக்கொள்க. அவ்வவ்வூரின் மழையளவுக்கும் பயிர்முறைக்கும் ஏற்ப, இரண்டு வாரம் முன்பின்னாக இக்குறிப்பை மாற்றிக்கொள்ளுதல் அவரவர் அநுபவத்தைப் பொறுத்தது.